மீனுக்குச் சொல்லும் பொய்

பொய் சொல்வது பாவம் என்று சிறு வயதிலேயே நாம் கற்றுக்கொள்கிறோம். யாரிடம் சொன்னால் பாவம் என்பதை நாம் கேட்டதில்லை. கேட்கத் தேவையும் இருந்ததில்லை. அந்தக் கேள்வியை நமக்குள் எழுப்பியது ஒரு மீன்.

வட அமெரிக்காவின் ஏரிகளிலும் மெல்ல ஓடும் ஆறுகளிலும் கிராப்பி என்னும் மீன் வாழ்கிறது. ஒரு சாண் நீளமோ அதற்குச் சற்றுக் கூடுதலோ இருக்கும். தட்டையான உடல், சுவையான வெண்ணிறத் தசை. லூயிசியானா மாநிலத்தார் பிரெஞ்சு மொழியில் அதனைப் 'பால் பை' என்று பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். அதன் வாயோரத் தோல் காகிதம் போல் மெல்லியது. சற்று வேகமாக இழுத்தாலும் கிழிந்துவிடும்.

வளர்ந்த கிராப்பிக்குப் பொடிமீன்கள் முக்கிய இரை. ஆகவே தூண்டில்காரர் சிலர் மயிரும் இறகும் நூலும் கொண்டு பொடிமீனைப் போன்ற ஒன்றைத் தம் கையாலேயே கட்டிக்கொள்கின்றனர். அதற்குப் பெயர் 'ஃப்ளை', அதாவது ஈ. பூச்சிகளைப் போல இரை கட்டிய பழைய வழக்கத்தின் பெயர் மீன் வடிவத்துக்கும் நிலைத்துவிட்டது. பொய்க்குள் இன்னொரு பொய்!

1987-ஆம் ஆண்டில் பென்சில்வேனியாவைச் சேர்ந்த பாப் கிளௌசர், சஸ்குவெஹன்னா ஆற்றின் பாஸ் மீன்களுக்காக ஓர் இரையை உருவாக்கினார். அதையே சிறிதாகக் கட்டிக் கிராப்பிக்கும் பயன்படுத்துகின்றனர். தூண்டில் முள்ளின் தண்டில் இரு ஈயக் குண்டுகளைக் கண்களாக வைத்துக் கட்டுவர். வயிற்றுப் பக்கத்துக்கு வெண்ணிற மான்வால் மயிர். முதுகுப் பக்கத்துக்குக் கருநிறம். செதிலின் மினுக்கத்துக்கு இரண்டொரு ஜரிகை இழை. கண்களின் பாரத்தால் முள் தலைகீழாகப் புரண்டு, கூர் மேல்நோக்கி நிற்கும். அதனால் நீருக்கடியில் கிடக்கும் மரக்கிளைகளில் எளிதில் சிக்காது. கயிற்றை இழுத்தால் இரை எழும். நிறுத்தினால் தலை குப்புற அமிழும். அடிபட்ட பொடிமீன் தத்தளிப்பது போலவே இருக்கும். நலமாக நீந்தும் மீனைவிட, அடிபட்டதை எளிய இரையாகக் கிராப்பி கண்டுகொள்கிறது என்பதை அறிந்தே இவ்வாறு கட்டுகின்றனர்.

இந்த அறிவுதான் நம்மை உறுத்துகிறது. ஓர் உயிர் எதைத் தேடுகிறது, எந்த ஆழத்தில் தங்குகிறது, எந்த நிறத்துக்கு மயங்குகிறது என்று ஆண்டுக்கணக்கில் உற்றுநோக்குவது சாதாரணக் காரியமன்று. அப்படி உற்றுநோக்குவதை வேறிடத்தில் நாம் அன்பு என்று அழைப்போம். இங்கே அது வஞ்சகத்துக்குக் கருவியாகிறது.

புனித அகுஸ்தினார் பொய்யைப் பற்றி ஏறத்தாழ 395-இலும் 420-இலும் இரு நூல்கள் எழுதினார். எந்தப் பொய்யும் பாவமே என்பது அவர் முடிபு. மனிதர் தம் எண்ணத்தை ஒருவருக்கொருவர் அறிவிக்கவே பேச்சு அருளப்பட்டது. அதைக் கொண்டு ஏமாற்றுவது முறைகேடு என்பது அவர் வாதம். மீனுக்கும் நமக்கும் இடையே பேச்சு இல்லை. நம் சொல்லை அது நம்பி வரவுமில்லை. ஆகவே மயிராலான இரை பொய் ஆகாது என்று கூறி விட்டுவிடலாம். மத்தேயு நற்செய்தியின் 17-ஆம் அதிகாரத்தில் பேதுருவைத் தூண்டில் போடச் சொன்னவர் ஆண்டவரே அல்லவா!

ஆனால் நான்காம் நூற்றாண்டின் நிசா நகர கிரகோரியார் நம்மை அவ்வளவு எளிதில் விடுவதில்லை. இறைத்தன்மை மனித உடலுக்குள் மறைந்திருந்தது. இரைக்குள் இருந்த தூண்டில் முள்ளை விழுங்கும் மீனைப் போல அலகை அதை விழுங்கியது என்றார் அவர். அப்படியானால் கடவுள் வஞ்சித்தாரா? இந்த வினாவையும் அவரே எழுப்பினார். உணவில் நஞ்சு கலப்பவனும் மருந்து கலப்பவனும் செய்வது ஒரே செயல். நோக்கமே இருவரையும் பிரிக்கிறது என்று விடை தந்தார். அவர் கருத்தில் அந்த மருந்து ஏமாற்றப்பட்டவனுக்கும் நன்மை தருவது. இந்த நியாயத்தைத் தூண்டில்காரர் கடன் வாங்க முடியாது. கிராப்பிக்கு அந்த இரையால் நன்மை எதுவுமில்லை.

ஆயினும் நோக்கத்தைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. உணவுக்காகப் பிடித்து உண்பவர் மீது நாம் குறை காண மாட்டோம். பிடித்துவிட்டு உடனே நீரில் விடுபவரை இரக்கமுள்ளவர் என்று உலகம் பாராட்டுகிறது. நமக்கோ அங்குதான் ஐயம். வானவில் டிரௌட் என்னும் மீனின் முகத்திலும் உதட்டிலும் வலியூட்டும் தூண்டல்களை உணரும் நரம்பு முனைகள் இருப்பதை 2003-இல் பிரித்தானிய ஆய்வாளர் வெளியிட்டனர். விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கு முரணானது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டின் 2418-ஆம் எண் கூறுகிறது. 'தேவையின்றி' என்ற அந்தச் சொல் சமையலறைக்குக் கொண்டுபோகிறவரைவிட, பொழுதுபோக்கி விட்டுவிடுகிறவரையே அதிகம் தொடுகிறது.

இன்னொன்றும் உண்டு. வசந்த காலத்தில் நீர் 16 முதல் 20 பாகை வரை சூடேறும்போது கிராப்பிகள் கரையோர ஆழமற்ற நீருக்கு வருகின்றன. ஆண் மீன் தரையில் ஒரு குழி செய்து, பெண் முட்டையிட்டுப் போன பின்பும் அங்கேயே காவல் நிற்கிறது. அப்போது அதன் நிறம் கறுத்துவிடும். முன்னால் வரும் பொடிமீன் உருவை அது பசியால் மட்டும் தாக்குவதில்லை. முட்டையைத் தின்ன வந்த பகைவன் என்று விரட்டவும் தாக்குகிறது. பசியை ஏமாற்றுவது வேறு. தந்தையின் காவலை ஏமாற்றுவது வேறு என்றே நமக்குத் தோன்றுகிறது. காவலன் அகன்றால் முட்டைகள் பிற மீன்களுக்கு இரையாகும்.

பல மாநிலங்களில் சட்டம் இந்தப் பருவத்திலும் கிராப்பி பிடிப்பதைத் தடுப்பதில்லை. எண்ணிக்கைக்கும் நீளத்துக்கும் மட்டுமே வரம்பு வைக்கிறது. கையில் நல்ல இரை இருந்தும், குழியின் மேல் அசையாமல் நிற்கும் கரிய மீனைக் கண்டதும் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு, படகை ஆழமான நீர்ப்பக்கம் திருப்பிச் செல்ல எந்தத் தூண்டில்காரருக்கும் முடியும். அப்படிச் செய்பவரை யாரும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை.