வாசலில் நிற்கும் மகளிடம் என்ன சொல்வீர்கள்?

மழையில் தொப்பலாக நனைந்து, நடுங்கியபடி ஒரு கல்லூரிப் பெண் வீட்டுக்கு வருகிறாள். பஸ்ஸுக்குக் காத்திருந்தவளைக் காரில் ஏற்றிக்கொண்ட முன்பின் தெரியாத ஒருவன் அத்துமீறிவிட்டான். அம்மாவிடம் சொல்லி அழுகிறாள். இனி அவள் வாழ்வு எந்தப் பக்கம் திரும்பும் என்பது அம்மா அடுத்துச் சொல்லப்போகும் சொல்லில் இருக்கிறது.

இந்தக் காட்சியை ஜெயகாந்தன் இரண்டு முறை எழுதினார். 1966இல் ஆனந்த விகடனில் வந்த 'அக்னிப் பிரவேசம்' சிறுகதையில் தாய் முதலில் அலறுகிறாள், பிறகு சுதாரித்துக்கொள்கிறாள். அக்கம்பக்கத்தாரிடம் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு, மகள் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமானவள் என்று தேற்றுகிறாள். அந்தத் தாயை ஏற்க முடியாமல் வாசகர்கள் பலர் கொதித்தார்கள். சரி, தாய் அப்படிச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று காட்டினார் ஜெயகாந்தன். அதுதான் 1970இல் நூலாக வந்த 'சில நேரங்களில் சில மனிதர்கள்'.

நாவலில் தாய் கனகத்தின் கூச்சலில் விஷயம் வெளியே தெரிந்துவிடுகிறது. அண்ணன் கணேசன் தங்கை கங்காவை வீட்டைவிட்டு விரட்டுகிறான். ஆதரித்துப் படிக்க வைத்த மாமாவே அவளைத் தவறான கண்ணோடு பார்க்கிறார். கங்கா படித்து நல்ல உத்தியோகத்துக்கு வந்துவிட்டாள். ஆனாலும் 'கெட்டுப்போனவள்' என்ற சொல் அவளை விடவில்லை. அந்தச் சொல்லைக் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். செய்தவன் கெடவில்லையாம், பட்டவள் கெட்டுப்போனாளாம்! காரில் வந்தவனோ மனைவி, மகள் என்று குடும்பத்தோடு வாழ்கிறான்.

கார் போய் இன்று செல்போன் வந்திருக்கிறது. படத்தை வெளியிடுவேன் என்று ஒருவன் மிரட்டுகிறான். பெண் வீட்டில் சொல்வதில்லை. சொன்னால் போனைப் பிடுங்குவார்கள், படிப்பை நிறுத்துவார்கள், அவசர அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். இவள் வீட்டில் வாய் திறக்க மாட்டாள் என்பதை நம்பித்தான் அவன் மிரட்டுகிறான். அந்த நம்பிக்கையை அவனுக்குக் கொடுத்தது யார்? நாம்தான்.

அம்மாக்களே, "எதுக்கு அங்கே போனே?" என்று தொடங்காதீர்கள். முதலில் அணைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றுவதும் அவள் குளிர் போவதற்காக இருக்கட்டும். கழுவிப் போக்க அவளிடம் எந்த அழுக்கும் இல்லை. அண்ணன்மார்களே, குடும்ப மானத்தைத் தங்கையின் தலையில் ஏற்றி வைக்காதீர்கள். உங்கள் கோபம் குற்றம் செய்தவன் பக்கம் திரும்பட்டும். உதவி செய்யும் உறவினர்களே, அந்த உதவிக்குக் கூலி கேட்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர்களே, சுவரில் காது வைக்காதீர்கள். வைத்துக் கேட்டதை வாயில் வைக்காதீர்கள்.

ஊர் வாயிலிருந்து மகளைக் காப்பது வேறு, குற்றவாளியைக் காப்பது வேறு. 'வெளியே சொல்லாதே' என்று அவள் வாயைப் பொத்தினால் தப்பிப்பவன் அவன். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்காக 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இருக்கிறது. பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடுவதையும் அது தடுக்கிறது. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 என்ற எண்களில் உதவி கிடைக்கும். அழைக்கலாமா என்று மகளிடம் கேளுங்கள். அவளோடு துணைக்கு நில்லுங்கள்.

நாவலில், 'அக்னிப் பிரவேசம்' கதை பத்திரிகையில் வந்து கங்காவின் கைக்குக் கிடைக்கிறது. அம்மா அன்று இப்படி நடந்துகொண்டிருக்கலாமே என்று அவள் ஏங்குகிறாள். அதற்குள் பல ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த ஏக்கத்தை நம் வீட்டில் எந்தப் பெண்ணுக்கும் வைக்க வேண்டாம். விபரீதம் நடக்கும்வரை காத்திருக்காதீர்கள். இன்று ராத்திரி சாப்பாடு போடும்போதே மகளிடம் சொல்லிவிடுங்கள்: "எது நடந்தாலும் என்கிட்ட வா. நான் கதவைச் சாத்த மாட்டேன்."