கம்பெனிக்கு வயிறு உண்டா?

2022 ஜூலையில் லண்டனிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு அலுவல் நிமித்தம் போய்வந்த சிட்டி வங்கி ஊழியர் ஒருவர், சாப்பாட்டுச் செலவுக்குக் கணக்குக் கொடுத்தார். பில்லில் இரண்டு சாண்ட்விச், இரண்டு காபி. எல்லாவற்றையும் தாமே சாப்பிட்டதாகச் சாதித்தார். நாளொன்றுக்கு வங்கி அனுமதித்த 100 யூரோவை அவர் தாண்டவும் இல்லை. உடன் வந்த வாழ்க்கைத் துணையும் அதில் பங்கு சாப்பிட்டது பிறகுதான் வெளிவந்தது. வேலை போயிற்று. வழக்குப் போட்டார், 2023-ல் தீர்ப்பாயம் வங்கியின் பக்கமே நின்றது. தொகையை அது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கேட்டபோதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்றது. அடுத்த ஆண்டு அக்டோபரில் மெட்டா நிறுவனம் தன் லாஸ் ஏஞ்சலஸ் அலுவலகத்தில் இருபதுக்கும் மேற்பட்டோரை வீட்டுக்கு அனுப்பியது. இரவுச் சாப்பாட்டுக்குக் கொடுத்த 25 டாலரில் அவர்கள் பற்பசையும் துணி சோப்பும் ஒயின் கிண்ணமும் வாங்கியிருந்தார்கள்.

இரண்டு கதையிலும் சாப்பிட்டவர் ஒருவர், பில்லைப் பார்த்தவர் இன்னொருவர். அதனால்தான் அகப்பட்டது. இருவரும் ஒருவராகவே இருந்தால்?

விருத்தாசலம்–ஜெயங்கொண்டம் சாலையில் இருக்கும் கருவேப்பிலங்குறிச்சி போன்ற ஊர்களிலும் இன்று அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். விருத்தாசலத்துப் பீங்கான் கூடங்களில் அகல் விளக்கும் கொலு பொம்மையும் ஃபியூஸ் கட்டைகளும் செய்கிறார்கள். அந்தக் கூடங்களில் சூளை கட்டித்தருகிறவர், நெய்வேலிக்குப் போய் ஒப்பந்த வேலை பார்க்கிறவர், மின்வேலை எடுத்துச் செய்கிறவர் என்று பலர். பெரிய இடத்து வேலை வேண்டும் என்பதற்காகத் தம் பெயரை ஒரு பிரைவேட் லிமிடெட் ஆக்கிக்கொண்டவர்கள் அவர்களில் உண்டு. மனைவி இரண்டாவது இயக்குநர். அல்லது 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம் வழிவிட்ட ஒருநபர் கம்பெனி. முதலாளி, தொழிலாளி, காசாளர் மூவரும் ஒரே ஆள். மதியம் மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போதே, பில்லைக் கம்பெனி பெயருக்குப் போடச் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வாங்கிய பிரியாணிப் பார்சலும் அதே கோப்புக்குள் போகிறது. ஆண்டுக் கடைசியில் அதற்கு ஊழியர் நலன் என்றோ தொழில் வளர்ச்சிச் செலவு என்றோ ஒரு தலைப்பு.

தீர்ப்பை ஒத்திப்போட வேண்டியதில்லை. தன் பசிக்குத் தின்றதைத் தொழிலின் செலவாக எழுதுவது களவு. எழுதுகிறவர் தன் கம்பெனிக்குத் தானே முதலாளி என்பதால் அது களவு இல்லாமல் போய்விடாது.

‘என் கம்பெனி, என் காசு, நான் சாப்பிடுகிறேன், யாருக்கு என்ன?’ என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் ஒரு சூது இருக்கிறது. 1896-ல் சாலமன் வழக்கில் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை ஒன்றை உறுதியாகச் சொன்னது: காலணி செய்யும் ஒருவர் தன் குடும்பத்தாரைப் பங்குதாரர்களாகச் சேர்த்துத் தொடங்கிய கம்பெனியும் அவரும் வேறு வேறு ஆட்கள். நம் கம்பெனிச் சட்டமும் அந்த அடித்தளத்தில்தான் நிற்கிறது. கம்பெனி கடன்பட்டு நொடித்துப்போனால் ஒப்பந்தக்காரரின் வீட்டையும் நிலத்தையும் தொடாமல் காப்பது அந்தப் பிரிவினைதான். கடன்காரன் வாசலில் நிற்கும்போது ‘கம்பெனி வேறு, நான் வேறு’. இலை போட்டதும் ‘கம்பெனியும் நானும் ஒன்று’. இரண்டையும் ஒரே வாயால் சொல்ல நேர்மையுள்ள ஒருவருக்கு நாக்கு எழாது. கம்பெனிக்கு முத்திரை இருக்கலாம், வங்கிக் கணக்கு இருக்கலாம். வயிறு கிடையாது.

சட்டமும் இதில் தெளிவாகவே இருந்திருக்கிறது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 37-ஆவது பிரிவு, முழுக்க முழுக்கத் தொழிலுக்காகவே செய்த செலவைத்தான் கழிக்க விட்டது. சொந்தச் செலவை வெளியே நிறுத்தியது. 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வரும்படி இயற்றப்பட்ட 2025-ஆம் ஆண்டுச் சட்டமும் அந்தக் கோட்டை அழிக்கவில்லை. ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு இன்னும் கறார்: சாப்பாட்டுக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெற, சில விலக்குகள் தவிர, வழியில்லை.

இந்தக் கேள்வி 1975-ல் இங்கிலாந்தில் ஒரு தச்சர் வழியாக நீதிமன்றம் ஏறியது. ஊர் ஊராகப் போய் ஒப்பந்த வேலை செய்தவர் அவர். வீட்டில் மதியம் சாப்பிட்டால் 10 பென்ஸ். வேலைத் தலத்தில் சாப்பிட்டால் 40 பென்ஸ். கூடுதலான 30 பென்ஸைத்தான் தொழிற்செலவாகக் கேட்டார். கல்நெஞ்சக்காரருக்கும் நியாயமாகத் தோன்றக்கூடிய கோரிக்கை. நீதிபதி டெம்பிள்மன் மறுத்துவிட்டார். உயிர் வாழ்வதற்காகத்தான் மனிதன் உண்கிறான், வேலை செய்வதற்காக அல்ல. தச்சரும் அதற்கு விலக்கில்லை என்பது அவர் தீர்ப்பின் சாரம்.

அந்த நீதிபதி நக்கீரரைப் படித்திருக்க மாட்டார். படித்திருந்தால் தீர்ப்பில் மேற்கோள் காட்டியிருப்பார். கடல் சூழ்ந்த நிலம் முழுவதையும் ஒரு குடையின் கீழ் ஆள்கிற வேந்தனுக்கும், இரவு பகல் தூங்காமல் விலங்கைத் துரத்தித் திரியும் வேடனுக்கும் உணவின் அளவு ஒன்றே என்று புறநானூற்றில் பாடியவர் அவர். எல்லா உயிருக்கும் பொதுவான ஒன்றை ஒருவர் மட்டும் தன் தொழிலின் தனித் தேவை என்று காட்ட முடியாது. வள்ளுவர் களவைப் பற்றி ஓர் அதிகாரமே வைத்தார்; பிறர் பொருளைக் கவர வேண்டும் என்று நெஞ்சால் நினைப்பதையே தீதென்றார். வாணிகத்தை நடுவுநிலைமை அதிகாரத்தில் கொண்டுவந்து வைத்ததும் காரணமில்லாமல் அல்ல. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை எதற்காகப் புகழ்கிறது? செல்வத்துக்காக மட்டுமல்ல, கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறையாகக் கொடுக்காமலும் பழிக்கு அஞ்சி வாழ்ந்ததற்காக. அதே பட்டினத்தின் சதுக்கப் பூதம் பொய்ச்சாட்சி சொன்னவர்களையும் விழுங்கியது என்கிறது சிலப்பதிகாரம். மெஸ் பில்லும் ஒரு சாட்சிதான். எழுதப்படாத வெற்றுப் பில்லை வாங்கிவந்து வீட்டில் உட்கார்ந்து தொகையை நிரப்புகிறவர் அந்தப் பூதத்தின் ஊரில் பிறக்காதது அவர் செய்த புண்ணியம். கொடுக்கிற கடைக்காரருக்கும் பாதிப் பங்கு உண்டு.

விருத்தாசலத்துக்காரர்கள் இதற்குப் பழைய நூல்களை வெளியில் தேட வேண்டியதே இல்லை. பழமலைநாதர் கோயில் எழும்பிய கதையை எந்தப் பாட்டியும் சொல்வாள். விபசித்து முனிவர் வன்னி மரத்து இலைகளைக் கூலியாகக் கொடுப்பாராம். அவரவர் உழைப்பின் அளவுக்கு அவை பொன்னாக மாறுமாம். உழைப்புக்கு மிஞ்சி எவர் கைக்கும் வரவில்லை. சுந்தரர் இங்கே பன்னிரண்டாயிரம் பொன் பெற்றார். மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார். ஆற்றில் போடுமுன் அவர் மாதிரித் துண்டாக மச்சம் வெட்டி வைத்துக்கொண்டதைப் பெரியபுராணம் மறக்காமல் சொல்கிறது. எடுத்த பொன்னை அந்த மச்சத்தோடு ஒப்பிட்டு உரைத்துப் பார்த்தார். கொடுத்தவர் இறைவன், வாங்கியவர் அவருடைய தோழர். அங்கேயே சரிபார்க்க ஒரு துண்டு தேவைப்பட்டிருக்கிறது. கணவனும் மனைவியும் மட்டுமே இயக்குநராக உள்ள கம்பெனியில் தேவைப்படாதா?

வரலாறும் இப்படியே பேசுகிறது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரையும் அவர் உறவினரையும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்று ஒதுக்கியது. அர்த்தசாஸ்திரம் அரசுப் பணத்தைச் சுரண்டும் வழிகள் நாற்பதை அடுக்குகிறது. தண்ணீருக்குள் இருக்கும் மீன் எப்போது தண்ணீர் குடித்தது என்று அறிய முடியாதது போல, பணத்தைக் கையாளுகிறவன் எப்போது எடுத்துக்கொண்டான் என்று அறிய முடியாது என்கிறது. 1901-ல் தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டபோது காந்திக்கும் கஸ்தூர்பாவுக்கும் நகைகள் குவிந்தன. கஸ்தூர்பாவுக்கு வந்த தங்க அட்டிகை அவருக்கே உரியது என்று வீட்டில் வாதம் எழுந்தது. பொதுத் தொண்டு செய்ததால் வந்தது பொதுவுக்கே என்று காந்தி அத்தனையையும் அறக்கட்டளையில் ஒப்படைத்தார். கேட்பாரில்லாத இடத்தில் தான் எது, தன் பணி எது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் அது. ஒருநபர் கம்பெனிக்காரர் பழக வேண்டியதும் அதுதான்.

மறுபக்கத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, இல்லாமல் இல்லை. இயந்திரம் பார்க்கக் குஜராத்தின் மோர்பிக்கோ பீங்கானுக்குப் பேர்போன குர்ஜாவுக்கோ போகிறவர் வழியில் உண்பது பயணச் செலவே. ஊரில் இருந்திருந்தால் அந்த ஹோட்டல் பில் வந்திருக்காது. வெளியூரிலிருந்து சரக்கு எடுக்க வந்தவருக்கு மதியச் சோறு போடுவதும் அப்படித்தான். பட்டேல் பிரதர்ஸ் வழக்கில், வாடிக்கையாளருக்கு வழக்கப்படி போடும் எளிய சாப்பாடு கேளிக்கைச் செலவாகாது என்பதை உச்ச நீதிமன்றமும் 1995-ல் ஏற்றது. சரி. ஆனால் தினம் போய்வரும் விருத்தாசலம் எவருக்கும் வெளியூர் ஆகாது. மனைவி வாடிக்கையாளரும் ஆக மாட்டார்.

இந்தக் கணக்கில் பேசப்படாத ஒருவர் இருக்கிறார். நெய்வேலிக் களிமண்ணைக் குழைத்து அச்சில் ஊற்றி, சூளை வாயில் வேகும் தொழிலாளி. தூக்குச்சட்டியில் கொண்டுவந்த பழைய சோற்றை அவர் மர நிழலில் சாப்பிடுகிறார். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில்தான் கேன்டீனைக் கட்டாயமாக்க வழிசெய்தது. சின்னக் கூடங்களுக்கு அது எட்டவில்லை. அந்தச் சோற்றை அவர் எந்தச் செலவுத் தலைப்பிலும் எழுத முடியாது. வாங்கும் சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் வரி கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். அவரை வைத்து வேலை வாங்கும் ஒப்பந்தக்காரரின் பரோட்டாவுக்கு மட்டும் அரசுக் கருவூலம் கால்பங்கு கொடுக்க வேண்டுமாம். அதிலும் ‘ஊழியர் நலன்’ என்ற தலைப்பில்! ஊழியருக்கு ஒரு டம்ளர் டீ கூட வாங்கிக் கொடுக்காதவர் அந்தத் தலைப்பை எழுதும்போது பேனா எப்படி ஓடுகிறது என்பது வியப்பு.

கால்பங்கு என்பது வெறும் பேச்சல்ல. நாளுக்கு 200 ரூபாய், ஆண்டுக்கு 300 நாள் என்று வைத்தால் 60,000 ரூபாய். 22 சதவீத வரி விகிதத்தைத் தேர்ந்தெடுத்த கம்பெனிக்குக் கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்ந்து 25.17 சதவீதம் ஆகிறது. மிஞ்சுவது ஏறத்தாழ 15,100 ரூபாய். ஓராண்டு முழுக்கப் பில் சேர்த்து, கடைக்காரரைக் கூட்டுச் சேர்த்து, ஆடிட்டர் கண்ணில் மண்ணைத் தூவி, நோட்டீஸ் வருமோ என்று தபால்காரரைக் கண்டு திடுக்கிட்டு, பெற்ற லாபம் இவ்வளவுதான். ‘எல்லோரும் செய்கிறார்களே’ என்பது இன்னொரு சமாதானம். 2009-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்களும் அதையேதான் சொன்னார்கள். வீட்டு அகழியைத் தூர்வாரிய செலவையும் குளத்து வாத்துக்குக் கூடு வாங்கிய செலவையும் கணக்கில் காட்டியவர்கள் அந்த அவையில் இருந்தார்கள். விதிக்கு உட்பட்டதே என்று பலர் சொல்லியும் மக்கள் அவர்களை மன்னிக்கவில்லை; சபாநாயகர் மைக்கேல் மார்ட்டினே பதவி விலக நேர்ந்தது.

இத்தனைக்கும் இந்தப் பொய்க்கு அவசியமே இல்லை. கம்பெனி ஆக்கிக்கொள்ளாமல் தன் பெயரிலேயே தொழில் செய்திருந்தால், 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவின் கீழ் வரவில் குறிப்பிட்ட சதவீதத்தை லாபமாகக் காட்டிவிட்டு எந்தப் பில்லையும் சேர்க்காமல் இருந்திருக்கலாம். கம்பெனிக்கு அந்த வழி இல்லை. வேறு வழி இருக்கிறது. அந்த 60,000 ரூபாயை இயக்குநர் சம்பளத்தோடு சேர்த்துக்கொள்ளலாம். நியாயமான சம்பளம் கம்பெனிக்கு முறையான செலவு. 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரித்திட்டத்தில் 12 லட்சம் வரையிலான சம்பள வருமானத்துக்குத் தனிநபர் வரி கட்ட வேண்டியதில்லை. ஆண்டுத் தொடக்கத்திலேயே இயக்குநர் குழுத் தீர்மானம் ஒன்று எழுதி, மாதாமாதம் வங்கி வழியாகச் சம்பளத்தை எடுத்துக்கொண்டால் போதும். அதற்குப் பிறகு மெஸ்ஸில் இரண்டு பரோட்டாவோ குடும்பத்தோடு நான்கு பிரியாணியோ, அவர் இஷ்டம். பில்லில் கையைத் துடைத்துப் போட்டுவிட்டு வரலாம்.