பெயின்ட் பூசிய தளம், ஊறிப்போன பலகை

 

காப்பியும் மலைவாழையும் விளைகிற மலையில் உட்கார்ந்துகொண்டு பாஸ்டர் படகைப் பற்றி எழுதுகிறாரே என்று நினைப்பீர்கள். நான் பிறந்தது கடற்கரையில்தான். 1980களின் தொடக்கத்தில் குமரி மாவட்டம் முட்டத்தில் மரைன் பிளைவுட் கொண்டு வள்ளம் கட்டும் வேலை ஆரம்பமானது. அந்த வேலையைக் கற்றுக்கொண்ட தச்சர்களில் என் அப்பாவும் ஒருவர். வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படிக்கப் போகுமுன் நானும் ஏழு வருஷம் அவர்கூட உளி பிடித்தவன்.

இந்த வருஷம் மார்ச் மாதம் நம் சபைத் தம்பி ஒருவன் வீட்டுக்கு வந்தான். கடற்கரையில், சுற்றுலா வருகிறவர்களைப் பாய்ப்படகில் ஏற்றிப் போகிற இடத்தில் வேலை செய்கிறவன். "ஐயா, ராமநாதபுரம் பக்கம் ஒரு பழைய பாய்ப்படகு விலைக்கு வருது. 16 அடி, ஃபைபர். 1,60,000 கேட்கிறாங்க. நீங்க ஒரு தடவை பார்த்துச் சொல்லணும்" என்றான். அவன் அம்மா கழுத்துச் சங்கிலியை அடகு வைத்திருந்தார்கள். அந்த வருஷத்துக் காப்பிப் பணமும் அதில் இருந்தது. எனக்குப் பயமாகவே இருந்தது. ஜெபித்துவிட்டுப் புறப்பட்டோம்.

படகைப் பார்த்தால் அவ்வளவு அழகு! வெள்ளைப் பெயின்ட் பளபளவென்று மின்னியது. தம்பியின் கண் பாயின்மேல் இருந்தது. நான் சொன்னேன்: "தம்பி, பாய் கிழிஞ்சா தைச்சுக்கலாம். முதல்ல தளத்தைப் பார்ப்போம். உள்ளே இருக்கிற கயிறு, பெட்டி, மிதவை எல்லாத்தையும் வெளியே எடு."

இதை நான் வேதத்தில் கற்றேன். லேவியராகமம் 14ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். ஒரு வீட்டுச் சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ கறை கண்டால், ஆசாரியன் வந்து பார்க்குமுன் வீட்டைக் காலி செய்யவேண்டும். பிறகு ஏழு நாள் பூட்டிவைத்து, திரும்ப வந்து பார்க்கவேண்டும். கறை பரவியிருந்தால் அந்தக் கல்லையே பெயர்த்து எடுக்கவேண்டும். மேலே சுண்ணாம்பு பூசிவிட்டுப் போகச் சொல்லவில்லை, கவனித்தீர்களா?

ஃபைபர் படகுதானே, மரமா உளுத்துப்போக என்று பலர் ஏமாந்துபோகிறார்கள். பல சிறு படகுகளில் மேல்தளமும் உள்தளமும் முழு ஃபைபர் அல்ல. மேலே ஒரு ஃபைபர் தோல், கீழே ஒரு ஃபைபர் தோல், நடுவில் பிளைவுட்டோ பால்சா மரமோ இருக்கும். கயிறு கட்டுகிற கொக்கிக்காகத் திருகாணி போடுகிறார்கள். அந்தத் துளையைப் பிசின் வைத்துச் சரியாக அடைக்காவிட்டால் தண்ணீர் இறங்கும். இறங்கின தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. கடல் தண்ணீரைவிட மழைத்தண்ணீர்தான் மோசம். உப்பு உளுப்பைக் கொஞ்சம் தடுக்கும், நல்ல தண்ணீர் அதை வளர்க்கும். மூடாமல் கரையில் நிறுத்திவைத்த படகு, கடலில் ஓடுகிற படகைவிடச் சீக்கிரம் கெட்டுப்போவது இதனால்தான். சும்மா நிற்கிற விசுவாசிகளே, கேட்கிறீர்களா?

கொக்கிகளைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி மயிரிழை விரிசல்கள் தெரிந்தன. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு தளத்தில் நடந்தேன். பாய்மரம் ஊன்றுகிற இடத்துக்கு அருகே குதிகாலுக்குக் கீழே மெத்தென்று அமுங்கியது. ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தேன். நல்ல இடத்தில் 'டக், டக்' என்று கணீரென்று கேட்டது. நடுவுக்கு வந்ததும் 'பொத், பொத்'. தம்பியின் முகம் மாறிவிட்டது. ஈரம் காட்டும் கருவியும் இருக்கிறது. ஆனால் மேலே நனைந்திருந்தாலும் உப்புப் படிந்திருந்தாலும் அது தப்பாகக் காட்டலாம். ஆகவே காதும் காலும் மூக்கும் வேண்டும்.

உடையவரிடம் அனுமதி கேட்டு ஒரு திருகாணியைக் கழற்றினேன். துருப்பிடித்து வந்தது. அதன் பின்னாலேயே பழுப்புத் தண்ணீர் கசிந்தது. கீழே உள்ள மூடியைத் திறந்து கையை விட்டால் பலகை ஊறின பிஸ்கட் மாதிரி விரலோடு வந்துவிட்டது. அந்தப் புழுங்கின வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

தம்பி விடவில்லை. "ஐயா, அந்த இடத்துல மேலே ஒரு கோட்டிங் போட்டா நிக்காதா?" என்றான்.

"நிக்காதுப்பா. மேலே அடைச்சா ஈரம் உள்ளேயே மாட்டிக்கும். மேல்தோலை வெட்டி எடுத்து, ஊறின பலகை எல்லாத்தையும் சுரண்டி, வாரக்கணக்கில் காயவிட்டு, புது மரைன் பிளைவுட் வச்சு எபாக்ஸி போடணும். அந்தச் செலவு படகு விலையையே தொட்டாலும் தொடும். அப்படிச் செய்யாம காத்தடிக்கிற நாள்ல நாலு பேரை ஏத்திக்கிட்டுப் போனா, பாய்மரத்தோட பாரம் முழுக்க அந்த இடத்துலதான் இறங்கும். பார்க்கிறவங்க வெள்ளைப் பெயின்டைத்தான் பார்ப்பாங்க."

பிரியமானவர்களே, இதைச் சொல்லி முடித்ததும் ஆவியானவர் என் இருதயத்தைத் தட்டினார். 'பொத்' என்று கேட்டது. ஆம், உங்கள் போதகனுடைய இருதயம்தான்.

சபைக் கூரைக்காக நீங்கள் கொடுத்த காணிக்கையிலிருந்து 22,000 ரூபாயை என் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்திருந்தேன். இரண்டு மாதத்தில் வைத்துவிடலாம் என்று நினைத்தேன். எட்டு மாதம் ஆகிவிட்டது. என் மனைவிக்குக்கூடத் தெரியாது. அந்த எட்டு மாதமும் பிரசங்கித்தேன், அந்நியபாஷையில் பேசினேன், வியாதியஸ்தர்மேல் கை வைத்து ஜெபித்தேன். பெயின்ட் பளபளத்தது. உள்ளே ஊறிக்கொண்டிருந்தது.

திரும்பி வரும்போது பெருமாள்மலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்வரை என்னால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அன்று ராத்திரி மனைவியிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சபைக்கு முன்பாக நின்று சொன்னேன். கணக்கும் சாவியும் இப்போது இரண்டு மூப்பர்கள் கையில் இருக்கிறது. மாதாமாதம் திருப்பிக் கட்டிவருகிறேன். ஒரு குடும்பம் இன்னும் ஆராதனைக்குத் திரும்பவில்லை. அவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. வெட்டித் திறக்கும்போது வலிக்கத்தான் செய்யும், காய நாள் பிடிக்கும்.

தம்பி அந்தப் படகை வாங்கவில்லை. அம்மாவின் சங்கிலி மீண்டு வந்தது. வேறு படகு தேடிக்கொண்டிருக்கிறான். இப்போது தட்டிப் பார்க்க அவனுக்கே தெரியும்.

நோவாவுக்குத் தேவன் பேழையை வெளியே மட்டும் பூசச் சொல்லவில்லை, உள்ளும் புறமும் கீல் பூசச் சொன்னார். உள்ளே பூசாத பேழை எத்தனை நாள் தாங்கியிருக்கும்?

அன்பான சகோதரனே, சகோதரியே, உன் தளத்தில் மெத்தென்று அமுங்குகிற இடம் எது? அங்கே கால் வைக்காமல் சுற்றிப் போகிறாயா? தன்னைச் சோதித்துப் பார்க்கும்படி தாவீது தேவனிடத்தில் தானே கேட்டானே! காற்று அடிக்குமுன், கரையில் நிற்கும்போதே நீயும் கேள். அவர் தட்டுவது உடைப்பதற்கல்ல, பலகை மாற்றுவதற்கு.

"ஆண்டவரே, நான் மூடிவைத்ததை நீரே திறந்து பாரும். ஊறிப்போனதை எடுத்துப் போடும். எனக்கு வலித்தாலும் நிறுத்தாதேயும். இயேசுவின் நாமத்தில், ஆமென்" என்று இப்பொழுதே முழங்காலில் நின்று ஜெபியுங்கள்.

எனக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.

ஊழியத்தில் உங்கள் சகோதரன்,
பேத்துப்பாறை