கவனிப்பும் கண்காணிப்பும்

மனநலம் தனிமனிதரின் சொந்த விவகாரமா, ஊரின் பொறுப்பா? சொந்த விவகாரம் என்றால், துன்புறுவோரைத் தனிமையில் விட்டுவிடுகிறோம். ஊரின் பொறுப்பு என்றால், அவர்கள் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

டாக்டர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' நிறுவனம், மனச்சிதைவு நோயுற்றோரை மருத்துவமனையோடு விட்டுவிடாமல் அவர்கள் வாழும் ஊர்களிலேயே தேடிச் சென்றது. தாம்பரத்தையும் அந்நாளில் உள்ளடக்கியிருந்த காஞ்சிபுரம் மாவட்டம், கோவா, மகாராஷ்டிரம் ஆகிய மூன்று இடங்களில் 282 நோயாளர்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று மருந்து, அன்றாட வேலை, குடும்பத்தாரின் புரிதல் ஆகியவற்றில் துணை நின்றனர். 2014-இல் வெளியான முடிவு, வழக்கமான சிகிச்சையோடு இத்துணையும் சேர்ந்தபோது ஓரளவு கூடுதல் பலன் கிடைத்தது என்பதே. பெரிய அற்புதம் அன்று. ஆயினும் உண்மையான பலன்.

ஆனால் பணியாளர் ஒரு வீட்டுக்குள் நுழைந்தாலே தெரு முழுவதும் அறிந்துவிடுகிறதே! பெண்ணின் திருமணமும், இளைஞனின் வேலையும் அந்த ஒரு பார்வையில் சிதறிவிடக்கூடும். ஆகவே மறைத்து வைப்பதே அன்பு என்று குடும்பங்கள் எண்ணுகின்றன. மறைத்தலின் எல்லை எதுவென்பதை 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி காட்டியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டனர்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சமூகத்தோடு வாழும் உரிமையையும் நோய் விவரம் இரகசியமாகக் காக்கப்படும் உரிமையையும் ஒருங்கே வழங்குகிறது. இவை முரண் போலத் தோன்றலாம். ஆழ்ந்து நோக்கினால், இரண்டும் ஒரே மதிப்பின் இரு முகங்கள். ஒருவரை நம்மோடு வாழ அழைக்கிறோம். அதற்கு விலையாக அவருடைய கதையை நாம் கேட்பதில்லை.

கண்காணிப்பவர் தம் அச்சம் தீர்வதற்காகப் பார்க்கிறார்; கவனிப்பவர் பிறர் துன்பம் தீர்வதற்காகப் பார்க்கிறார். பயிற்சி பெற்ற பணியாளர் மருந்தையும் மறுவாழ்வையும் நினைவூட்டலாம். அவர் திரும்பிச் சென்றபின், வீட்டாரை வழக்கம்போல் திருமணத்துக்கு அழைப்பதும், கேட்டதை நாலு பேரிடம் சொல்லாதிருப்பதும் அடுத்த வீட்டாரின் பணி. அதற்குத் திட்டமோ நிதியோ தேவையில்லை. நா அடக்கம் வேண்டும்.