பாரியின் தேரும் பேத்தியின் சைக்கிளும்

பேத்தி பதினொன்றாம் வகுப்பு. அரசு கொடுத்த புதுச் சைக்கிளை நேரே சைக்கிள் கடைக்குத்தான் கொண்டுபோனாள். சீட்டை மாற்றினாள். கைப்பிடி உறையை மாற்றினாள். இருந்த பெல்லைக் கழற்றிவிட்டுச் சத்தம் பெரிதாக வரும் வேறொரு பெல் வாங்கினாள். பிரேக் கட்டை புதிது, பெடல் புதிது, பின்சக்கரத்துக்குப் பால்ரஸ் புதிது. கழற்றியதெல்லாம் கடை வாசலில் சாக்கின்மேல் குவிந்து கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு, "ஐயா, அவங்க குடுத்த சைக்கிள் இப்ப இதுவா, அதுவா?" என்றாள்.

ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியாரிடம் கேட்கப்பட்ட கேள்வி. சிரித்துவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. பெரியவர்கள் பலர் மல்லுக்கட்டிய கேள்வி அது.

கிறிஸ்து பிறப்பதற்கு முன், இந்தியாவின் வடமேற்கை ஆண்ட கிரேக்க அரசன் மினாண்டர். பௌத்த நூல் அவனை மிலிந்தன் என்கிறது. அவன் தேரில் வந்து இறங்கியதை வைத்தே நாகசேனர் என்ற துறவி அவனை மடக்கினார். அச்சைத் தேர் என்பாயா, சக்கரத்தையா, நுகத்தையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எதற்கும் அரசனால் ஆம் என்று சொல்ல முடியவில்லை. உறுப்புகள் கூடியிருக்கும்போது வழங்கும் பெயர்தான் தேர், அதற்குமேல் ஒன்றுமில்லை, மனிதனும் அப்படித்தான் என்பது நாகசேனரின் முடிவு.

நான் சைவக் குடும்பத்தில் வளர்ந்தவன். மெய்கண்டாரின் சிவஞானபோதத்தில் மூன்றாம் சூத்திரம் உயிர் உண்டு என்பதற்குக் காரணங்களை அடுக்குகிறது. அவற்றில் ஒன்று, உடம்பை ஒருவன் என்னுடையது என்று சொல்கிறானே, அப்படிச் சொல்கிறவன் உடம்புக்கு வேறானவனாகத்தானே இருக்க வேண்டும் என்பது. என் மனம் இந்தப் பக்கம்தான் சாயும். ஆனால் சைக்கிளுக்கு இது போதவில்லை. சைக்கிள் கொடுத்த அன்று பள்ளி மைதானத்தில் வரிசையாக நின்ற அத்தனை சைக்கிளும் பெயர் வாசித்த நொடியிலேயே யாரோ ஒருவருடையதாகிவிட்டன. ஆகியும் ஒன்றுக்கொன்று வேறுபாடில்லாமல்தான் நின்றன. உரிமை வந்துவிட்டது. வேறு ஏதோ இன்னும் வரவில்லை.

அது என்ன என்பதற்கு எங்கள் சீமையிலேயே விடை இருக்கிறது என்று நம்புகிறேன். சிங்கம்புணரியிலிருந்து வடக்கே போனால் பிரான்மலை. சம்பந்தர் பாடிய திருக்கொடுங்குன்றம் அதுதான், பாரியின் பறம்பும் அதுதான். படர வழியின்றிக் கிடந்த முல்லைக்குத் தன் தேரைக் கொடுத்துவிட்டு நடந்து போனான் பாரி. இதை வள்ளன்மைக்கு எடுத்துக்காட்டாக வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். இப்போது வேறொன்று தோன்றுகிறது. அந்தத் தேரில் எதுவும் குறையவில்லை. சக்கரம் இருந்தது, அச்சு இருந்தது, கபிலர் சொல்கிற மணிகளும் இருந்தன. நாகசேனர் கேட்ட உறுப்புகள் எல்லாமே கூடித்தான் இருந்தன. ஆனாலும் பாரி கையெடுத்த அந்தக் கணமே அது தேரில்லை, பந்தல். ஒரு ஆணிகூட மாறாமல் ஒரு பொருள் வேறொரு பொருளாகிவிட்டது.

இதற்கு நேர்மாறாகக் கோயில் தேர். சிங்கம்புணரி சேவுகப்பெருமாள் அய்யனார் கோயிலில் வைகாசித் தேரோட்டத்தன்று தேர் நிலைக்கு வந்ததும் ஆயிரக்கணக்கில் தேங்காய் சிதறும். ஊரே நாரும் கயிறுமாகப் பிழைக்கிற ஊர், தேங்காய்க்கா பஞ்சம்? இப்படி வடம்பிடிக்கும் தேர்கள் எதிலும் பழைய மரம் பழைய மரமாகவே நீடிப்பதில்லை. தமிழ்நாட்டில் எத்தனையோ தேர்களுக்குத் திருச்சி பெல் நிறுவனத்தில் செய்த இரும்புச் சக்கரமும் அச்சும் வந்துவிட்டன. திருவாரூர் ஆழித்தேர் 1920களில் தீப்பிடித்து எரிந்தே போனது. மறுபடி செய்தார்கள். இன்று அதன் வடத்தைத் தொடுகிற எவரும் இது வேறு தேர் என்று நினைப்பதில்லை. கோயிலிலும் திருப்பணி என்றால் பாலாலயம் செய்து, சாமியின் ஆற்றலைக் கும்பத்து நீருக்கோ அத்திப்பலகைக்கோ மாற்றி வைத்துவிட்டுத்தான் உளி எடுக்கிறார்கள். கல்லும் சுதையும் மாறலாம், மாறக்கூடாதது வேறு என்று தெளிவாகத் தெரிந்தவர்கள் வகுத்த முறை இது.

அய்யனாருக்கு மண்குதிரை செய்து கொடுக்கும் புரவி எடுப்பு இன்னும் ஒருபடி மேலே போகிறது. அங்கே பழைய குதிரையைப் பழுது பார்ப்பதே கிடையாது. ஊரார் பிடிமண் கொடுக்க, வேளார்கள் புதுப் புரவி செய்து, அதற்குக் கண் திறந்த பிறகுதான் தோளேறிக் கோயிலுக்குப் போகிறது. கால், வால், காது எல்லாம் சூளையிலேயே அமைந்துவிட்டன. கண் திறக்கிறவரை அது சுட்ட மண்.

கடையில் பேத்தியின் சைக்கிளுக்கு நடந்ததும் கண் திறப்புதான் என்கிறேன். சீட்டை இறக்கி அவளை உட்கார வைத்தார் கடைக்காரர். பெடல் அடியில் இருக்கும்போது அவள் முழங்கால் லேசாக மடங்கி நிற்கும் வரை ஏற்றி இறக்கிப் பார்த்தார். சக்கரத்தைச் சுழற்றி, பிரேக் கட்டையில் உரசும் இடத்தைக் கண்ணால் பிடித்து, ஸ்போக்ஸ் கம்பியை ஒரு பக்கம் இறுக்கி மறுபக்கம் தளர்த்திப் பெண்டு எடுத்தார். கோனை அதிகம் முறுக்கினால் சக்கரம் சிக்கும், விட்டால் ஆடும். இரண்டுக்கும் நடுவில் அவர் விரலுக்கு மட்டும் தெரிந்த ஒரு இடம் இருக்கிறது. எந்த உடம்பை, எந்த ரோட்டில் சுமக்கப்போகிறது என்று தெரிந்த பிறகே இந்த வேலையெல்லாம் செய்ய முடியும். பளபளப்புக்காகப் பிள்ளைகள் மாட்டும் குஞ்சமும் மணியும்கூட எனக்குக் குற்றமாகத் தெரியவில்லை. சுமக்கிறதை அலங்கரிப்பது நம் பழக்கம், தேர்ச்சீலை கட்டாமல் நாம் தேர் இழுப்பதில்லை.

பக்கத்துப் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். அப்போது ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பலர் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். அதுவே வசதி என்று சொன்னவர்களும் உண்டு. நடுவில் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் அல்லவா? பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுதியிருக்கிறார். ஆணுக்கென்று பட்டறையில் செய்து அனுப்பியதை ஒரு தாய் ஒரு ஸ்குரூவும் திருகாமல் பிள்ளையைச் சுமக்கும் வண்டியாக்கிவிட்டாள். பாரி செய்ததும் இதுதான்.

ஆகவே பேத்திக்கு நான் சொன்ன பதில்: "உன்னைச் சுமக்கிறது எதுவோ அதுதான் ஆத்தா சைக்கிள். சாக்குல கெடக்குறது உதிரி."

விடுவாளா? "அப்ப நான் காலேஜுக்குப் போயிட்டா, இது சும்மா நிக்கும்போது சைக்கிள் இல்லையா?" என்றாள். இல்லை என்றுதான் சொன்னேன், அதில் எனக்குத் தயக்கமில்லை. "தம்பி எடுத்துக்கிட்டா?" தம்பி இவளைவிட உயரமாக வளர்வான். சீட்டை ஏற்றுவான், அந்தப் பெல்லை நிச்சயம் கழற்றி வீசுவான். அப்போதும் இதே சைக்கிள்தானா என்பதை அவனும் அவளும் சண்டை போட்டே தீர்த்துக்கொள்ளட்டும்.