பிள்ளைகளின் நட்பும் நீதியின் குரலும்



கோடை விடுமுறை வந்துவிட்டால் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாறிலும் சிறுவர் முகாம்களுக்குக் குறைவில்லை. சதுரங்கம், ஓவியம், நீச்சல் என்று பலவும் கற்பிக்கிறார்கள். பல சமயத்துப் பிள்ளைகளும் ஒன்றாய் அமர்ந்து உண்கிறார்கள். அதை யாரும் அதிசயமாக நினைப்பதில்லை. ஆனால் பாலஸ்தீன் மண்ணின் அரபுப் பிள்ளையும் யூதப் பிள்ளையும் அப்படி அமர்வதற்குக் கடல் கடந்து போக வேண்டியிருந்தது!

1993ஆம் ஆண்டு ஜான் வாலக் என்ற பத்திரிகையாளர், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 'சீட்ஸ் ஆஃப் பீஸ்' என்ற கோடை முகாமைத் தொடங்கினார். 'அமைதியின் விதைகள்' என்பது அப்பெயரின் பொருள். பகை நாடுகளின் இளம் பிள்ளைகள் அங்கே ஒரே குடிலில் உறங்கினர். ஒரே மேசையில் உண்டனர். தத்தம் மக்கள் பட்ட துயரத்தை நேருக்கு நேர் அமர்ந்து பேசினர். பின்னாட்களில் இந்திய, பாகிஸ்தான் பிள்ளைகளும் அங்கே சென்றனர்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. அநீதி நீங்காதிருக்கும்போது, அநீதிக்கு ஆளானவனை நட்புக்கு அழைப்பது அவன் வாயை அடைப்பதாகாதா? இக்கேள்வியை நாம் அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது.

அஸீல் ஆஸ்லா என்ற அரபு இளைஞர் அம்முகாமுக்குச் சென்று வந்தவர், இஸ்ரேலின் குடிமகன். 2000ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், தமது ஊராகிய அர்ராபாவில் நடந்த ஆர்ப்பாட்டத்தின்போது இஸ்ரேலியக் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 17. அவர் அணிந்திருந்தது அம்முகாமின் பச்சைச் சட்டை. அரசு விசாரணைக் குழு அமைத்தது; ஆனால் 2008இல், எந்தக் காவலர் மீதும் வழக்குத் தொடரப் போவதில்லை என்று கோப்பை மூடியது. 2023 அக்டோபருக்குப் பின் காஸாவில் மடிந்த பிள்ளைகளோ ஆயிரமாயிரம்.

அந்தச் சட்டை அஸீலைக் காக்கவில்லை என்பது உண்மை. அதனால் முகாமே வீண் என்பாரும் உண்டு. ஆனால் துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் பொறுப்பு பிள்ளைகளின் நட்புக்கு உரியதா? அது ஆட்சியாளர்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் உரியது. நட்பு செய்ய வேண்டிய வேலை வேறு. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இம்முகாமின் பிள்ளைகளை ஆராய்ந்தனர். எதிர்த் தரப்பில் ஒரே ஒரு நண்பனையேனும் பெற்ற பிள்ளையிடம், ஊர் திரும்பிய பின்னரும் அம்மக்களைப் பற்றிய நல்லெண்ணம் கூடுதலாக நிலைத்திருக்கக் கண்டனர். நண்பன் ஒருவனின் முகத்தை அறிந்தவனுக்கு, ஒரு சமுதாயம் முழுவதையும் வெறுப்பது கடினமாகிவிடுகிறது.

அப்படியானால் நட்பா, நீதியா? பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்வில் இவ்விரண்டும் பிரியவே இல்லை. தமக்குப் பணிவிடை செய்துவந்த யூதச் சிறுவன் நோயுற்றபோது, அவன் வீடு தேடிச் சென்று தலைமாட்டில் அமர்ந்தார்கள். யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்தபோது எழுந்து நின்றார்கள். இது அன்பு. மதீனாவில் கவசம் ஒன்று திருடு போக, பழி ஒரு யூதர் மீது சுமத்தப்பட்டது. திருடியவனோ முஸ்லிம்களோடு இருந்தவன். அவனுக்காகப் பரிந்து பேச அவன் குடும்பத்தார் திரண்டனர். அந்த யூதர் குற்றமற்றவர் என்று காட்டவே அன்னிஸா அத்தியாயத்தின் 105ஆம் வசனம் முதலானவை இறங்கின என முஃபஸ்ஸிரீன்கள் விளக்குகின்றனர். இது நீதி. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடலாகாது என்பதே அல்மாயிதா அத்தியாயத்தின் 8ஆம் வசனம் நமக்கு இடும் கட்டளை.

எனவே, அநீதியைப் பேசாதே என்று நிபந்தனையிடும் நட்பு நட்பாகாது. நட்பே வேண்டாம் என்று சொல்லும் நீதியோ பழிவாங்கலில் போய் முடியும்.

இதெல்லாம் தூரத்து விவகாரம், நமக்கென்ன என்று எண்ணிவிடக் கூடாது. லாயிட்ஸ் ரோடு என்று பெரியவர்கள் அழைக்கும் அவ்வை சண்முகம் சாலையில் சிறியதொரு யூத அடக்கஸ்தலம் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் பவளமும் வைரமும் வாணிபம் செய்ய மதராஸுக்கு வந்த யூதர்களை நினைவூட்டும் இடம் அது. இன்று இந்நகரில் யூதக் குடும்பத்தைக் காண்பதே அரிது. ஆயினும் நம் வீடுகள் சிலவற்றில் 'யஹூதி' என்ற சொல் வசைச் சொல்லாக வழங்குகிறதே! தன் வாழ்நாளில் ஒரு யூதரையும் கண்டிராத பிள்ளை, வெறுப்பை மட்டும் எங்கே கற்றது? நம் நாவிலிருந்துதானே!

கொச்சி மட்டாஞ்சேரியில் வேறொரு பாடம் இருக்கிறது. அங்கே அஞ்சலட்டை விற்றுத் திரிந்த முஸ்லிம் சிறுவர் தாஹா இப்ராஹீமை, யூதத் தம்பதியர் தம் வீட்டுப் பிள்ளைபோல் நடத்தினர். கணவர் மறைந்த பின் மனைவி சாரா கோஹனை, 2019இல் தமது 96ஆம் வயதில் அவர் இறக்கும்வரை, பெற்ற தாயைப்போல் கவனித்துக்கொண்டவர் அந்தத் தாஹாதான். இதனால் அவருடைய ஈமானுக்கு என்ன குறை வந்தது?

பெற்றோர்களே! காஸாவின் பிள்ளைகளுக்காகக் கையேந்துங்கள். அங்கு நடப்பது அநீதி என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதைச் சொல்லும்போதே, கொடுமை செய்யும் அரசு வேறு, ஒரு சமுதாயத்தில் பிறந்த குழந்தை வேறு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். விடுமுறை முகாமில் பக்கத்தில் அமரும் பிள்ளை எந்தச் சமயத்தவனாயினும், அவனை வீட்டுக்கு அழைத்து ஒரு வேளை உணவளியுங்கள்.

நீதியில் உறுதியும் நெஞ்சில் ஈரமும் கொண்ட பிள்ளைகளை நமக்குத் தந்து, வல்ல ரஹ்மான் அருள்புரிவானாக! ஆமீன்.