கேட்டலும் கேட்கப்படுதலும்: தொலைவழி நேரலைக் கல்வியில் நேரறிவாளர் குறித்த ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

2025ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாள், பெங்களூரிலுள்ள யு.ஆர். ராவ் செயற்கைக்கோள் மையத்தில் பள்ளி மாணவர்கள் ஹாம் வானொலி வழியாகச் சுபான்சு சுக்லாவுடன் உரையாடினர். அப்பொழுது அவர் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் தங்கியிருந்தார். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் புவியைச் சுற்றிவரும் அந்நிலையம் ஒரு தரைநிலையத்தின் எல்லைக்குள் இருப்பது பத்து நிமிட அளவே ஆகும். அக்குறுகிய பொழுதுக்குள் வினாவும் விடையும் நிகழ்ந்து முடிதல் வேண்டும்.

விண்வெளியில் மனிதர் எவ்வாறு உண்கின்றனர், எவ்வாறு உறங்குகின்றனர் என்பன போன்ற செய்திகள் நூல்களிலும் ஒளிப்பதிவுகளிலும் விரிவாகவே கிடைக்கின்றன. செய்தி என்ற அளவில் நோக்கினால், அப்பத்து நிமிடங்களில் மாணவர் பெறக்கூடியதைக் காட்டிலும் ஒரு நல்ல நூலால் பெறுவது மிகுதி. அவ்வாறிருந்தும் அவ்வுரையாடலை எவரும் வீண் எனக் கருதார். அங்ஙனமாயின், நேரில் அறிந்தவர் ஒருவரிடம் நேரலையில் கேட்பதால் மாணவர் அடையும் தனிப்பயன் யாது? அப்பயனை அடையும் மாணவர் அவர்க்குக் கடப்பாடு உடையவரா? இவ்விரு வினாக்களையும் இக்கட்டுரை ஆராய்கின்றது. தம் வாழ்வில் நேரடியாக அறிந்ததைக் கூறுபவர் ஈண்டு ‘நேரறிவாளர்’ எனக் குறிக்கப்பெறுகின்றார்.

பெறும் முனையமும் வினவும் முனையமும்

தொலைவழிக் கல்வியின் வரலாற்றில் கருநாடகத்திற்கும், இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் அமைந்த பெங்களூருக்கும் சிறப்பான இடம் உண்டு. 1975 ஆகஸ்டு முதல் 1976 சூலை வரை நடைபெற்ற செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளின் துணையுடன் ஆறு மாநிலங்களைச் சேர்ந்த 2400 சிற்றூர்களை எட்டியது. அவ்வாறு மாநிலங்களுள் கருநாடகமும் ஒன்று. ஊர்ப் பொதுவிடத்தில் வைக்கப்பெற்ற தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து மக்கள் வேளாண்மை, நலவாழ்வு, கல்வி பற்றிய நிகழ்ச்சிகளைக் கண்டனர். கண்டவர்க்குத் தோன்றிய ஐயத்தைப் பேசியவரிடம் அப்பொழுதே எழுப்புதற்கு வழியில்லை.

2004 செப்டம்பர் 20ஆம் நாள், கல்விக்கென்றே உருவாக்கப்பெற்ற இந்தியாவின் முதற் செயற்கைக்கோளான எடுசாட் விண்ணில் செலுத்தப்பெற்றது. 2010இல் அதன் பணி முடிவுற்றது. அதன் பயன்பாட்டில் தரையில் அமைந்த முனையங்கள் இருவகைப்பட்டன. ஒன்று, ஒளியையும் ஒலியையும் பெறுதற்கு மட்டுமே உரியது. மற்றொன்று, பெறுவதோடு மறுமொழி அனுப்புதற்கும் உரியது. சாமராசநகர் மாவட்டத்துத் தொடக்கப் பள்ளிகளில் அமைந்தவை முதல் வகையின. விசுவேசுவரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் மாணவர்க்கோ, தொலைவிலிருந்து பாடம் நடத்தும் ஆசிரியரிடம் வினாத் தொடுக்கும் வாய்ப்பும் இருந்தது.

இவ்வேறுபாடு செலவு பற்றியும் தொழில்நுட்பம் பற்றியும் எழுந்ததே. எனினும் தமிழில் சிந்திப்பார்க்கு இதில் ஒரு கருத்து வேறுபாடும் புலப்படும். ‘கேள்’ என்னும் வினைச்சொல் செவியால் உணர்தலையும் வினவுதலையும் ஒருங்கே குறிக்கும். ‘கேள்வி’ என்னும் பெயரும் அத்தகையதே. திருக்குறளில் கேள்வி 42ஆம் அதிகாரமாக, கல்விக்குப் பின்னும் அறிவுடைமைக்கு முன்னுமாக வைக்கப்பெற்றுள்ளது. ஆண்டு அது செவிச்செல்வத்தையே பெரிதும் குறிப்பினும், வழக்கில் அச்சொல் வினாவையும் சுட்டுவது நாம் அறிந்ததே. முதல்வகை முனையம் கேட்டலின் ஒரு பொருளை மட்டும் மாணவர்க்கு அளித்தது. இரண்டாம் வகை இரு பொருளையும் அளித்தது. நன்னூலின் பொதுப்பாயிரமும், கற்பவன் பிறரை வினவுதலையும் பிறர் வினவியவற்றிற்கு விடை கூறுதலையும் பாடத்தை நிலைபெறச் செய்யும் வழிகளுள் வைத்து எண்ணுகின்றது. எனவே வினாவுக்கு இடமில்லாத ஒளிபரப்பு, அது நேரலையேயாயினும், கேள்வியின் முழுமையை எய்தியது ஆகாது.

உரையளவையும் விடைகூறும் பொறுப்பும்

இந்தியத் தருக்க மரபில் காட்சி, கருதல் ஆகியவற்றோடு உரையும் ஓர் அளவையாகக் கொள்ளப்படுகின்றது. சைவ சித்தாந்த நூல்களும் இம்மூன்றையும் உடன்படும். உரை அளவையாதற்கு உரைப்பவன் நம்பத்தக்கவனாதல் வேண்டும். நியாய சூத்திரத்திற்கு உரை கண்ட வாத்சியாயனர், பொருளை நேரே அறிந்தவனும் அறிந்தவாறே பிறர்க்கு உரைக்கும் விருப்பமுடையவனுமே நம்பத்தக்கவன் என்கிறார். இவ்விலக்கணம் முனிவர்க்கும் ஆரியர்க்கும் மிலேச்சர்க்கும் ஒப்பப் பொருந்தும் என்று அவர் கூறுவது சிறப்பாக நோக்கத்தக்கது. பிறப்பும் பட்டமும் பதவியும் இவ்விலக்கணத்துள் இடம்பெறவில்லை. ஆதலின் விண்வெளி வீரரும், கடலின் நிறமாற்றம் கூறும் மீனவரும், விதை காத்த வேளாண் பெண்டிரும் தத்தம் துறையில் ஒத்த தகுதியினரே ஆவர். 2004 அக்டோபரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துடன் இணைந்து தமிழ்நாட்டில் தொடங்கப்பெற்ற கிராம வள மையங்கள், செயற்கைக்கோள் வழியே ஊர்மக்களையும் வல்லுநரையும் இருவழிப் பேச்சில் இணைத்தன. அத்தகைய அமைப்பில் ஊரார் கேட்போராக மட்டும் நின்றுவிட வேண்டியதில்லை, நேரறிவாளராகவும் பேசலாம்.

நேரில் அறிந்தவர் பிழைபடார் என்பது இதன் பொருளன்று. நினைவு மங்கும், அச்சமும் நன்றியும் சொல்லை வளைக்கும். அதனாலேயே வினா இன்றியமையாததாகின்றது. எழுத்தை வினவினால் அது சொன்னதையே மீண்டும் சொல்லும் என்னும் குறையைப் பிளேட்டோவின் பைத்ரசு உரையாடலில் சாக்ரடீசு எடுத்துரைக்கின்றார். ஒளிப்பதிவுக்கும் அக்குறை உண்டு. நேரலையில் உள்ள நேரறிவாளரோ, ‘நான் முன்பு கூறியது பிழை’ எனத் திருத்தலாம்; ‘அதனை நான் அறியேன்’ என ஒப்பலாம். தம் சொல்லுக்குத் தாமே விடைகூறும் பொறுப்பை அவர் கேட்போர் முன்னிலையில் ஏற்கின்றார். நூலால் பெறவியலாத தனிப்பயன் இதுவே எனலாம்.

இக்கருத்துக்கு இக்காலத் தொழில்நுட்பம் ஓர் அரிய சோதனையை அளித்துள்ளது. போலந்தில் பிறந்து நாசி வதைமுகாம்களிலிருந்து உயிர்பிழைத்த பின்காசு குட்டர் என்பாரிடம் ஆயிரத்துக்கு மேற்பட்ட வினாக்களைக் கேட்டு, அவர்தம் விடைகளைத் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஷோவா நிறுவனம் பதிவு செய்தது. காண்போர் வினவும்பொழுது, பொருத்தமான விடையைக் கணினி தேர்ந்து அவருருவில் காட்டும். சான்று கூறுவோர் மறைந்த பின்னும் அவர்தம் சொல் நிலைக்க வேண்டும் என்னும் நோக்கம் போற்றத்தக்கது. குட்டர் அதற்கு உடன்பட்டே அமர்ந்தார். ஆயினும் அவ்வுருவம் வினவியவரை அறியாது. தகாத வினாவால் அது புண்படாது; தான் கூறியதை மறுபரிசீலனை செய்யாது. மாணவர் அங்குப் பெறுவது முன்னரே அளிக்கப்பெற்ற சான்று. எதிரே அமர்ந்த ஒருவர்க்குத் தாம் செய்யவல்ல நன்மை தீமைகளை அவர் அங்கு எதிர்கொள்வதில்லை. நேரலையின் அறச்சிக்கல் தொடங்கும் இடமும் இதுவே. விடைகூற வல்லவர் புண்படவும் வல்லவர்.

தொலைவு யார் சுமை?

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாக அமைத்துக்கொள்வோம். பெங்களூருக் கல்லூரி ஒன்றில் நாட்டுப்புறவியல் பயிலும் மாணவர்க்கு, தருமபுரி மாவட்டச் சிற்றூரில் வாழும் முதிய பெண்மணி ஒருவர் காணொளி வழியே ஒப்பாரி பற்றி உரைக்கின்றார். மகனை இழந்தபொழுது பாடியதைப் பாடிக்காட்டுமாறு ஒரு மாணவர் வேண்டுகின்றார். பெண்மணி பேசாதிருக்கின்றார். இணைப்பு அறுந்ததோ என ஆசிரியர் ஐயுற்று, “பாட்டி, கேட்கிறதா?” என்கின்றார்.

சாவு நிகழாத வீட்டில் ஒப்பாரி பாடுதல் ஆகாது என்னும் நம்பிக்கையைக் களப்பணி செய்தோர் பலரும் அறிவர். பாடகியர் வீட்டுக்குள் பாட மறுப்பதும், ஊர்ப்புறத்திற்குச் சென்று பாடுவதும் உண்டு. காணொளி வகுப்பில் அப்பாடல் ஒலிப்பது யாருடைய வீட்டில்? வகுப்பறையில் இருப்போர்க்கு அது பாடப்பொருள். பாடுபவர்க்கோ தம் பேரப்பிள்ளைகள் வாழும் வீட்டில் எழுப்பப்பெற்ற சாவோசை. வகுப்பு முடிந்ததும் மாணவர் அடுத்த பாடத்திற்குச் செல்வர். கிளறப்பெற்ற துயரோடும், அண்டை வீட்டார் வினாக்களோடும் அவர் அங்கேயே இருப்பார். நேரில் செல்லும் களப்பணியாளர் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்கின்றார். அவர் தந்த நீரைப் பருகுகின்றார். அழுகையைக் கண்டால் உடனிருக்கவேனும் கடமைப்படுகின்றார். தொலைவழிக் கல்வி குரலை இணைக்கின்றது, இடத்தை இணைப்பதில்லை. அதனால் கேட்டலின் பயன் ஒரு முனையிலும் அதன் விளைவு மறுமுனையிலும் தங்கிவிடுகின்றன.

இதற்கு மறுப்பும் கூறலாம். தொலைவு நேரறிவாளரைக் காக்கவும் செய்கின்றது. முதியவர் பயணத் துன்பமின்றித் தமக்குப் பழகிய இடத்திலிருந்து பேசலாம். விரும்பாதபொழுது இணைப்பைத் துண்டிக்கலாம். மேடையின் அச்சம் அவர்க்கில்லை. இம்மறுப்பு பெரிதும் உண்மையே. ஆயினும் துண்டிக்கும் பொத்தான் கையருகே இருப்பதும், அதனை அழுத்தும் உரிமை தமக்குண்டு என்று ஒருவர் உணர்வதும் வேறு வேறு. கல்லூரியையும் ஆசிரியரையும் பெரிதாக மதிக்கும் சிற்றூர்ப் பெண்மணி, மறுத்தல் மரியாதைக் குறைவு எனக் கருதக்கூடும். பேரனின் கைப்பேசியில் பேசுபவராயின் அப்பொத்தானும் அவர் வசம் இராது. விண்வெளி வீரர்க்கு அவர் சார்ந்த நிறுவனம் அரணாக நிற்கின்றது. இவர்க்கு அத்தகைய அரண் இல்லை. எனவே அதனை அமைக்கும் பொறுப்பு கேட்போரையே சாரும்.

கேட்போர் கடமைகள்

இப்பொறுப்பிலிருந்து நான்கு கடமைகள் பெறப்படுகின்றன. முதலாவது, வினவுமுன் கற்றல். நூலிலிருந்து அறியக்கூடியதை நேரறிவாளரிடம் வினவுவது அவர்தம் காலத்தையும் துயரையும் வீணாக்குவதாகும். பத்து நிமிடமே கிடைக்கும் வானொலி உரையாடலுக்கு மாணவர் வினாக்களைத் தேர்ந்து ஆயத்தம் செய்வர். கால எல்லை விதிக்காத முதியவர்க்கும் அதே மதிப்பை அளித்தல் வேண்டும்.

இரண்டாவது, மறுக்கும் உரிமையை முன்னரே உணர்த்துதல். அவ்வுரிமை அவர்தம் மொழியில், அவர் நம்பும் ஒருவர் வாயிலாகக் கூறப்பெறல் வேண்டும். அவர்தம் மௌனத்தைத் தொழில்நுட்பக் கோளாறு எனக் கொண்டு விரைந்து நிரப்பாமல், அதனையும் ஒரு விடையாக ஏற்க மாணவர் பழகுதல் வேண்டும்.

மூன்றாவது, பதிவு பற்றிய ஒப்புதல். அன்று ஐம்பது மாணவர்க்குக் கூறிய சொல், பதிவாகியபின் எவர்க்கும் எப்பொழுதும் கூறிய சொல்லாகிவிடுகின்றது. குட்டர் பெற்ற தெரிவுரிமை ஒப்பாரி பாடுபவர்க்கும் உண்டு. பேசுதற்கு இசைந்தமையைப் பதிவுக்கும் இசைந்தமையாகக் கொள்ளல் தகாது.

நான்காவது, வினவப்பெறுதற்கு இசைதல். நன்னூல் காட்டும் நெறியில் வினவுபவனே விடைகூறுபவனும் ஆகின்றான். நீங்கள் யார், எதற்காக இதனைக் கற்கின்றீர்கள், உங்கள் வீட்டில் இறந்தோர்க்கு யார் அழுதனர் என அப்பெண்மணி கேட்பாராயின், அதற்கு வகுப்பு விடைகூறல் வேண்டும். அதற்கெனக் காலம் ஒதுக்கப்பெறல் வேண்டும். ‘கேள்’ என்பதற்கு உறவு என்னும் பொருளும் சங்க நூல்களில் உண்டு. அச்சொல்லும் வினைச்சொல்லாகிய கேளும் ஒரே வேரின எனத் துணிதற்கில்லை. ஆயினும் இருவரும் கேட்கவும் கேட்கப்படவும் இசையும் இடத்தில், தற்செயலாக ஒத்த அவ்விரு சொற்களும் பொருளாலும் நெருங்குகின்றன.

முடிவுரை

நேரறிவாளரிடம் நேரலையில் கேட்பதன் தனிப்பயன், தம் சொல்லுக்கு விடைகூறும் பொறுப்பை ஏற்ற ஒருவரை மாணவர் எதிர்கொள்வதில் உள்ளது. வினாவுக்கு இடமில்லாத ஒளிபரப்பும், வினாவை அறியாத பதிவும் இப்பயனை முழுமையாகத் தரவியலா. அதேபொழுது தொலைவு, கேட்டலின் விளைவைப் பெரும்பாலும் சொல்பவர் முனையிலேயே விட்டுவிடுகின்றது. அவ்விளைவில் ஒரு பங்கைக் கேட்போர் தம்மேல் ஏற்றுக்கொள்ளும்பொழுதே அக்கல்வி அறநெறிப்பட்டதாகின்றது.

இன்று காணொளி இணைப்பை ஏற்படுத்துதல் எளிது. ஒரு கைப்பேசியே போதுமானது. அவ்வெளிமையால் கடமை குறைவதில்லை. தருமபுரிப் பெண்மணி பாட மறுத்தாலும் அவ்வகுப்பு பயனற்றது ஆகாது. ஒப்பாரி என்பது ஏட்டில் எழுதப்பெற்ற பாடல் மட்டுமன்று, வேண்டியபொழுதெல்லாம் பாடவியலாத பாடல் என்பதை அன்று மாணவர் அறிந்திருப்பர். அம்மறுப்பைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, அவர்க்கு நன்றி கூறி, அவர் கேட்க விரும்புவதைக் கேட்குமாறு வேண்டுதலே ஆசிரியர் அடுத்துச் செய்யத்தக்கது.